நடுவில் இருந்த மூன்று வரி

சிரஞ்சீவி மகனுக்கு,

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை போகிறது. முப்பது வருஷப் பழக்கம். வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. ஆனால் நேற்று மத்தியானம் உன் தபால் கார்டு வந்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் பாதி வழியில் திரும்பிவிட்டேன். துண்டு தோளில் அப்படியே கிடக்க, மைக்கூட்டைத் திறந்து உட்கார்ந்தவனைப் பார்த்து உன் அம்மா, "குளிக்காம கொள்ளாம என்னத்தை எழுதுதீய? மனு வாங்க கலெக்டர் வாசல்ல வந்து நிக்காரா?" என்று கேட்டாள். பேனா முள்ளைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணினேன். சாயங்கால ரயிலில் தபால் பை போய்விடும். அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

முதலில் ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட விஷயத்தை யாராவது கார்டில் எழுதுவார்களா? பட்டணத்தில் பி.ஏ. படித்து என்ன பயன்? நம் போஸ்ட் மாஸ்டர் அதை வாசித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். இன்று காலை ஆற்றுக்குப் போகிற வழியில், கோவில் வாசலில் என்னைக் கண்டதும், "மகனுக்குத் தூத்துக்குடியில உத்தியோகமாமே, ஆனா தலைக்கு மேல இருக்கிறவரைப் பிடிக்கலையாமே" என்று விசாரித்தார். உறைக்கு ஆகிற காசில் மிச்சம் பிடித்து நீ கட்டப்போகிற மாளிகை எது? அது கிடக்கட்டும்.

நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. தூத்துக்குடி டிப்டி கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. ஒப்புக்கொண்டு இந்த வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். உத்தரவின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாய்: ஞானமுத்து. பதினோரு வருஷத்துக்கு முன் நம் ஊரில் தாசில்தாராக இருந்தவர். "பிச்சம்மா அத்தையின் வயலைப் பிடுங்கிக் கொடுத்த அந்த ஆளுக்கு ‘ஆனர்டு சர்’ என்று எழுதக் கை கூசுகிறது. மேலே வெறும் ‘சர்’ போட்டு, கீழே ‘ஒபீடியண்ட் சர்வண்ட்’ இல்லாமல் கையெழுத்து மட்டும் போட உத்தேசம். அதனால் வேலை போனாலும் போகட்டும். அப்பா என்ன சொல்லுகிறீர்கள்?" என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை வாசித்தபோது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ரோஷக்காரன், என் பிள்ளை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோது அந்தப் பெருமை நிற்கவில்லை. அந்த ரோஷம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்விக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் என்னைப்போல் சொல்ல இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. அம்பாசமுத்திரம் கச்சேரி வாசலில், வாகை மரத்தடியில் பாய் விரித்து மனு எழுதியே உன்னைப் படிக்கவைத்தேன். என்னுடைய சிவப்பு அட்டை நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். யார் யாருக்கு என்ன மரியாதை என்று ஏணிப்படி மாதிரி அதில் எழுதி வைத்திருந்தேன். உச்சிப் படியில் கவர்னர். அவருக்குக் கீழே ஜட்ஜு துரை. கலெக்டர், சப் கலெக்டர், தாசில்தார் எல்லாருக்கும் ‘ஆனர்டு சர்’. பாதிரிமாருக்கு ‘ரெவரெண்டு சர்’. சமமான ஆளுக்கும் வியாபாரிக்கும் ‘டியர் சர்’. ஒரு தடவை பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்திய துரைசானி அம்மாளுக்கு எழுத நேர்ந்தது. நோட்டில் பெண்களுக்கு ஒரு படியே இல்லை. அவளையும் ‘ரெவரெண்டு சர்’ ஆக்கி அனுப்பிவிட்டேன். அந்த அம்மாள் கோபப்படாமல், அடுத்த தடவை ‘மேடம்’ என்று எழுதினால் போதும் என்று பதில் போட்டிருந்தாள். அன்றைக்கே நோட்டில் ஒரு படி கூட்டினேன்.

திருநெல்வேலி டவுணில் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியையும் நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சரக்கு கேட்டு எழுத என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ‘டியர் சர்ஸ்’ என்று தொடங்கி எட்டு வரியில் முடித்து, தமிழில் அர்த்தம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "என்ன வே, தொடங்கினதும் தெரியல, முடிச்சதும் தெரியல. மொட்டையால்லா இருக்கு? நல்லா நாலு சர் போடும்" என்றார். "வியாபாரக் கடுதாசிக்கு இது போதும் அண்ணாச்சி" என்றேன். "போதும்னு நீரு சொல்லுதீரு. சரக்கு அனுப்புதவன்லா சொல்லணும்?" என்றார். அவர் திருப்திக்காக மேலே இரண்டு வரியும் கீழே மூன்று வரியும் கூட்டி எழுதினேன். எத்தனை பீஸ் துணி வேண்டும் என்ற விவரம் அடியில் ஒடுங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நானும் அதே ரகம்தான் என்று அப்போது எனக்குப் புத்தியில் படவில்லை.

யோசித்துப் பார். நம் பேச்சில் மரியாதை வாக்கியத்துக்கு வாக்கியம் கூடவே வருகிறது. வா, வாரும், வாருங்கள் என்று ஒவ்வொரு வார்த்தையிலும் எதிரே நிற்பவனை நிறுத்துப் போட்டாக வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் கலெக்டரும் ‘யூ’தான், அவருக்கு விசிறி இழுக்கிறவனும் ‘யூ’தான். அதனால் மரியாதை முழுவதையும் அவர்கள் கடிதத்தின் தலையிலும் காலிலும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்கோ நாளடைவில் அந்தத் தலையும் காலும்தான் கடிதம் என்று ஆகிப்போயிற்று. நடுவில் இருப்பது வந்தவனுடைய கஷ்டம். அது ஆளுக்கு ஆள் மாறும், அதில் என் சாமர்த்தியத்துக்கு இடமில்லை என்று நினைத்தேன்.

விஷயத்துக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அது குடிக்கவில்லை, அதற்குத் தாகமில்லை. இனிமேல் எழுந்திருக்கப் போவதில்லை.

பிச்சம்மாள் நமக்கு உறவு முறையில்லை. மேலத் தெருவில் இருந்தவள். அறுப்பு முடிந்ததும் புது நெல்லில் அவல் இடித்து உனக்கென்று ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பாள் என்பதால் நீ அத்தை என்று கூப்பிட்டாய். ரயில் வந்த புதிதில், அவள் புருஷன் பேதியில் ஒரே பகலில் போய்விட்டான். வாய்க்காலின் கடைக்கோடியில் அவர்களுக்கு இரண்டு வயல். காரியம் முடிந்த மறுவாரமே அவளுடைய கொழுந்தன், அந்த வயல்களின் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தான். அண்ணனும் தானும் பாகம் பிரியாத ஒரே குடும்பம், அதனால் அண்ணனுக்குப் பிறகு நிலம் தனக்கே என்பது அவன் கட்சி. இல்லை, பாகம் பிரிந்து எத்தனையோ வருஷமாயிற்று என்பது அவள் கட்சி. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். "அண்ணாச்சி, நீங்க எழுதினா கச்சேரியில கேப்பாவன்னு சொல்லுதாவ. எனக்கு வேற ஆளு இல்ல. அந்த வயல்ல வெளையுததுதான் எனக்கும் எம் மவளுக்கும் கஞ்சி" என்றாள்.

அப்போது புதிதாக வந்திருந்த தாசில்தார்தான் ஞானமுத்து. தேரிக்காட்டுச் செம்மணலில் பனையேறிப் பிழைத்த ஒருவருடைய மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, படிப்படியாக உத்தியோகத்தில் ஏறி வந்தவர். கை சுத்தம், வேலை சுத்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மரத்தடியில் நாங்கள் அவரைப் பற்றி என்னென்ன பேசினோம் என்பதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். அந்தப் பேச்சில் அதிகம் சத்தம் போட்டவன் நான் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவருக்கு முன் இருந்த தாசில்தார்களுக்கெல்லாம் தயங்காமல் ‘ஆனர்டு சர்’ எழுதின கை, அவருக்கு என்று வந்ததும் நின்றது. பனையேறி மகனுக்கு அந்த வார்த்தையா என்று நின்றது. பிச்சம்மாள் மனுவின் தலையில் வெறும் ‘சர்’ என்று போட்டேன். உண்மையில் உத்தியோகஸ்தர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது வெறும் ‘சர்’தான் வழக்கம், அதில் மரியாதைக் குறைவே கிடையாது. ஆனால் நான் அதைக் குறைவு என்று நினைத்துத்தான் எழுதினேன். அவள் வயலுக்காக எழுதிய மனுவில் என் அகம்பாவத்தை ஒரு வரி ஏற்றி அனுப்பினேன்.

நாலாம் நாள் தாசில்தாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பாய்க்கும் கச்சேரி வாசலுக்கும் கூப்பிடு தூரம்கூட இல்லை. டவாலி போட்ட சேவகனை அனுப்பி, "வே, ஐயா கூப்பிடுதாவ" என்றால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய் நிற்கிறவன் நான். அவர் அப்படிச் செய்யவில்லை. உறையில் போட்டு, தபாலில், என் பேருக்கு, ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மேலே ‘சர்’. கீழே, ‘தங்களின் மிகவும் பணிவுள்ள ஊழியனாக இருக்கும் கௌரவம் எனக்கு’ என்கிற முழு வாசகமும் ஒரு சொல் குறையாமல். அதன் அடியில் அவர் கையெழுத்து. மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை. பெரிய மனுஷர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற வாசகம் அது. என்னையும் அந்த வரிசையில் வைத்திருந்தார்.

அது வெறும் சம்பிரதாயம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் ஊரில் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். பக்கத்துப் பாயில் மனு எழுதுகிற ஆண்டியப்ப பிள்ளைக்கு ஆங்கிலம் அரைகுறை. அவரிடம் கடிதத்தின் கால்மாட்டை மட்டும் மடித்துக் காட்டி, "பாரும் வே, தாசில்தார் நமக்குப் பணிவுள்ள ஊழியனாம். கையெழுத்துப் போட்டுல்லா குடுத்திருக்காரு" என்றேன். "ஏ அப்பா, நெசமாவா? எங்கன, கையெழுத்தைக் காட்டும்" என்று அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மரத்தடி முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு விவரம் கேட்க வந்த பிச்சம்மாளும் அங்கே நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். புருஷன் போன பிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தது. "அப்பம் நம்ம காரியம் முடிஞ்ச மாதிரிதான், இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "பைய இரு, எல்லாம் தானா நடக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடிதம் என் மடியிலேயே இருந்தது. படித்துறையில் காட்டினேன், முடிவெட்டுகிற இடத்தில் காட்டினேன், கோவிலில் கொடிமரத்தின் அடியில் நின்று காட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் தலையையும் காலையும் வாசித்தேன். நடுவில் மூன்று வரி இருந்தது. அதை வாசிக்கவே இல்லை என்றால் பொய். முதல் நாளே கண் அதன்மேல் ஓடியது. ஏதோ விவரம் கேட்கிறார், பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு தாண்டிப் போய்விட்டது. அந்த மூன்று வரி இது. "இறந்தவர் தம்பியோடு பாகம் பிரிந்தவர் என்பதற்குப் பத்திரம் உண்டா என்று அறிய விரும்புகிறேன். உண்டென்றால் பத்து நாளைக்குள் அந்த அம்மாளோடு வந்து காட்டவும். அதுவரை உத்தரவு பிறப்பிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்."

பதினோராம் நாள், பட்டாவைக் கொழுந்தன் பேருக்கு மாற்றிக் கச்சேரிப் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள்.

அவளிடம் பத்திரம் இருந்தது, மகனே. தகரப் பெட்டியில், புருஷனுடைய வேட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. உத்தரவு ஒட்டிய பிறகு அதை எடுத்து வந்து என் பாயில் வைத்து, "இதைக் கேட்டிருந்தா அப்பமே குடுத்திருப்பேனே அண்ணாச்சி. ஒருத்தரும் கேக்கலியே" என்றாள். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், திறந்து, "அந்த ஆளு அப்படித்தான். நம்ம ஆளுகன்னா அவருக்கு ஆகாது" என்றேன். ஊர் அதை உடனே நம்பியது, நம்புவதற்குக் காத்துக்கொண்டே இருந்தது. அப்பீலுக்கு வழி இருந்தது. அங்கே போனால் கேட்டபோது ஏன் காட்டவில்லை என்று கேள்வி வரும், கடிதம் வெளியே வரும். ஆகவே, "அப்பீலெல்லாம் வீண் அலைச்சல்" என்று அவளைத் தடுத்தவனும் நான்தான். அவள் மகளோடு வள்ளியூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நீ அப்போது பள்ளிக்கூடத்து லீவில் வந்திருந்தாய். வண்டி போன பிறகு, "அத்தை வயலை ஏம்ப்பா பிடுங்கினாவ?" என்று கேட்டாய். உனக்கும் அதே பதிலைச் சொன்னேன். நேற்று உன் கார்டில் நான் வாசித்தது அன்றைக்கு நான் சொன்னதைத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த உத்தரவுக்குப் பிறகு ஒரு நாள் தாசில்தாருடைய ஜட்கா மரத்தடியில் நின்றது. இறங்காமலே கேட்டார்: "பிள்ளைவாள், அந்தப் பட்டா விஷயமா உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேனே, வரலியா?" நான் எழுந்து நின்று, "வரலியே ஐயா" என்றேன். கடிதம் அப்போதும் என் மடியில்தான் இருந்தது. ஊரே அதைப் பார்த்திருந்தது. அவருடைய சேவகனே வாங்கிப் பார்த்துச் சிரித்தவன். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "சரி, தபாலில் தவறியிருக்கும்" என்றார். வண்டி போய்விட்டது. அந்த மனுஷருடைய கச்சேரியில்தான் நீ போய் உட்காரப் போகிறாய். என் பேரும் ஊரும் உன் விண்ணப்பத்திலேயே இருந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு அவர் வேலை கொடுத்திருக்கிறார் என்பது நேற்றிலிருந்து என்னைப் பிடுங்கித் தின்கிறது.

இந்த இடம் வரை எழுதி நிமிர்ந்தபோது உன் அம்மா எதிரே நின்றாள். "முகம் ஏன் இப்படி இருக்கு? பிள்ளைக்கு என்ன?" என்று பதறினாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, எழுதியிருந்ததை எல்லாம் அவளுக்கு வாசித்தேன். சுளகில் கிடந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். தலையைத் தூக்கவே இல்லை. முடித்ததும், அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று பார்த்தேன். "இதைப் பிச்சம்மாட்ட சொல்லிட்டீயளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பொறவு பிள்ளைக்கு எழுதி என்ன செய்ய? அவனுக்கா வயல் போச்சு?" என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து, "ஆத்துத் தண்ணி குடிச்சுப் பழகினவ. வள்ளியூர்ல கெணத்துத் தண்ணி ஒரே உப்பாம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? ஞானமுத்துவுக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, அதை உன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று. அதற்கு மேலே என்ன போடுவது, கீழே எப்படி முடிப்பது என்று நேற்று ராத்திரியே மனசுக்குள் மூன்று விதம் எழுதிப் பார்த்துவிட்டேன். பட்டாலும் என் புத்தி எங்கே போகிறது பார். உன் அம்மா கேட்ட கேள்வி அதை எல்லாம் சுருட்டி மூலையில் போட்டுவிட்டது. நாளைக் காலை ரயிலில் திருநெல்வேலி போய், அங்கிருந்து வண்டி பிடித்து வள்ளியூர் போகிறேன். நிலத்தைக் கேட்டு வழக்குப் போடப் பன்னிரண்டு வருஷம் கெடு. இன்னும் சில மாதம் மிச்சம் இருக்கிறது. பாகப் பத்திரத்தை அவள் தொலைத்திருக்க மாட்டாள். தாசில்தார் கடிதத்தை நானும் தொலைக்கவில்லை, சிவப்பு நோட்டுக்குள் இருக்கிறது. அதை அவள் கையில் கொடுத்து, நடுவில் உள்ளதைத் தமிழில் சொல்லி, கோர்ட்டில் கூண்டில் ஏறி இங்கே எழுதியதை எல்லாம் சொல்லவும் தயார் என்று சொல்லப் போகிறேன். அவள் என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு சொல்வேன். கலெக்டருக்கு எழுத ஆறு விதம் எனக்குத் தெரியும். அவள் வாசலில் போய் நின்றால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

கூண்டில் ஏறினால் ஊர் சும்மா இருக்காது. மனு எழுதுகிற பிள்ளை பொய்யன் என்று மரத்தடியில் பேசுவார்கள். அந்தப் பேச்சு தூத்துக்குடிக்கும் வரும், புது உத்தியோகத்தில் உன் காதிலும் விழும். அதை நினைத்துத்தான் பதினோரு வருஷம் வாயை மூடியிருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். என்னை நினைத்துத்தான் மூடியிருந்தேன். உன் பேரைக் கெடுக்கப் போகிறேன் என்பதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மேலே வெறும் ‘சர்’ என்றே எழுது. ஆனால் கார்டு எழுதிய மனசோடு எழுதாதே. அது நான் எழுதிய ‘சர்’ ஆகிவிடும். அவர் எனக்கு எழுதியது எப்படியோ அப்படி எழுது. கீழே முழு வாசகத்தையும் ஒரு சொல் குறையாமல் போடு. நடுவில், எந்தத் தேதி எந்த ரயிலில் வந்து சேர்வாய் என்பதைத் தெளிவாகச் சொல்லு. நான் இன்னார் மகன் என்று நீயாகப் போய் நிற்க வேண்டாம். அவர் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என்று அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிடு. வள்ளியூர் வேலை முடிந்ததும் நானே அங்கே வந்து அவர் எதிரே நிற்பேன்.

கடைசியாக ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. காலையில் தாசில்தாருடைய கடிதத்தைத் தேடி நோட்டைப் பிரித்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாள் வந்தது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த புதிதில், பென்சிலில், நீ எனக்கு எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம். என் நோட்டைப் பார்த்துப் படித்தவன் அல்லவா, மேலே ‘ஆனர்டு சர்’, கீழே ‘யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்’ என்று பெற்ற அப்பனுக்கு எழுதியிருந்தாய். அன்றைக்கு அதையும் மரத்தடியில் எல்லாருக்கும் காட்டினேன். "பிள்ளை என்ன எழுதியிருக்கான்?" என்று உன் அம்மா கேட்டதற்கு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கான்" என்று சொன்னேன். நடுவில் இருந்ததை இன்று காலையில்தான் வாசித்தேன். நாலு நாளாகக் காய்ச்சல் என்றும், அம்மாவை ஒரு தரம் அனுப்புங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நாங்கள் யாரும் வரவில்லை. நீயும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டதில்லை.

உன் அம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. வள்ளியூரிலிருந்து வந்து சொல்வேன்.

இதற்குப் பதில் எழுதுவாயோ மாட்டாயோ. எழுதினால் மேலே என்னை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்துக் கஷ்டப்படாதே. ‘மை டியர் ஃபாதர்’ வராவிட்டால் வேண்டாம். ஒன்றுமே போடாமல் தொடங்கு, கையெழுத்தும் வேண்டாம். கோபத்தை எல்லாம் நடுவில் எழுது. உன் அம்மாவை எதிரே உட்காரவைத்து ஒரு வரி விடாமல் அவளுக்குத் தமிழில் சொல்வேன், என்னை ஏசுகிற வரி உட்பட.

அப்பா